குழாயில் மோட்டார் போடும் புண்ணியவான்களுக்கு

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பழைய பாண்டிச்சேரிக் கதை ஏதாவது எழுதுவேன். இந்த வாரம் கதை இல்லை. ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டு அடுத்த வாரம் கதைக்கு வருகிறேன்.

சண்டை யாரோடு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருக் குடிநீர்க் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பில் நேராக மோட்டாரைக் கோத்து, தண்ணீர் விடும் நேரத்தில் சுவிட்சைத் தட்டி உறிஞ்சுகிறார்களே, அவர்களோடு. அவர்களில் என் சொந்தக்காரர்கள் உண்டு. காலையில் என்னோடு கடற்கரையில் நடப்பவர்கள் உண்டு. இதைப் படிக்கிற உங்களில் சிலரும் இருக்கலாம். கோபித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

நான் மோட்டாருக்கு விரோதி இல்லை. எங்கள் வீட்டிலும் அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்று ஓடுகிறது. எழுபது வயதுக்கு மேல் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற யாராலும் ஆகாது. மோட்டார் நமக்குக் கை, கால், இடுப்பு எல்லாம். ஆனால் அதற்கு ஒரு வேலைதான் உண்டு. நம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்ட தண்ணீரைக் கீழேயிருந்து மேலே தூக்குவது. தெருவில் இருக்கும் தண்ணீரை நம் வீட்டுக்குப் பிடுங்கி வருவது அதன் வேலை அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

"அதெல்லாம் சரி சார், எல்லாரும் போடறாங்க. நான் மட்டும் போடலன்னா எனக்குச் சொட்டுத் தண்ணி வராது." இந்தப் பதிலை நான் குறைந்தது இருபது பேரிடம் கேட்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இது ஆபத்தான பதில்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். தெருவில் முப்பது வீடு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து அந்தத் தெருவுக்கு ஒரு வேளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று திறந்துவிடுகிறார்கள். முதல் வீட்டுக்காரர் மோட்டார் போட்டார். அவருக்கு இரண்டு பங்கு கிடைத்தது. அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் போட்டார். அரை ஹெச்.பி.யை அரை ஹெச்.பி. ஜெயிக்க முடியாது என்று மூன்றாம் வீட்டுக்காரர் ஒரு ஹெச்.பி. வாங்கினார். இப்படி இருபது வீட்டில் மோட்டார் வந்துவிட்டது. தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் ஒரு சொம்பாவது கூடியதா? கூடவில்லை. மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, ஒருவர் பங்கை இன்னொருவர் பக்கம் திருப்புகிறது, அவ்வளவுதான். இருபது வீட்டில் பணம் போனது, மின்சாரம் போனது, கிடைக்கிற தண்ணீர் பழைய அளவுதான். மோட்டார் இல்லாத பத்து வீட்டுக்கு அதுவும் இல்லை.

அந்தப் பத்து வீடு யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலும் தெருக் கடைசி. பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். எங்கள் தெருக் கடைசியில் தனியாக இருக்கும் ஓர் அம்மா, விடிகாலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். காற்று வரும், இரைச்சல் வரும், நூல் மாதிரி கொஞ்சம் தண்ணீர் வரும். நின்றுவிடும். முன்வீடுகளில் மோட்டார் நின்ற பிறகு மறுபடி நூல் மாதிரி வரும், அதற்குள் மேலே வால்வை மூடிவிடுவார்கள். நான் போய்ச் சொன்னால், "யாரைக் குத்தம் சொல்றது ஐயா, எல்லாரும் நல்லவங்கதான்" என்பார். அவர் சொல்வது சரி. எல்லாரும் நல்லவர்கள்தான். கோயிலுக்கு அன்னதானம் எழுதுகிறவர்கள்தான். கோடையில் வாசலில் மோர்ப்பந்தல் போடுகிறவர்கள்கூட அதில் இருக்கிறார்கள். மோர் கொடுத்த கைதான் விடிகாலையில் சுவிட்சையும் தட்டுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. தெருவின் முதல் வீடுகளுக்கு மோட்டாரே தேவையில்லை. அழுத்தம் அங்கேதான் அதிகம். ஆனால் முதல் மோட்டார் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. ஏனென்றால் தண்ணீர் தானாகவே மாடித் தொட்டிவரை ஏறவேண்டும் என்ற ஆசை. கீழே ஒரு தொட்டி கட்ட மனசில்லை.

அடுத்த வாதம்: "நான் வரி கட்டறேன், மீட்டருக்குப் பணம் கட்டறேன், என் குழாய், என் மோட்டார்." இதற்குச் சட்டத்திலிருந்தே பதில் சொல்கிறேன். நான் பிரெஞ்சில் படித்து, பின்னால் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே நடைமுறையில் இருந்த கோத் சிவில் என்ற உரிமையியல் சட்டம் 1804ஆம் ஆண்டு நெப்போலியன் காலத்தில் வந்தது. சொத்துரிமையை அதைப்போல் தூக்கிப் பிடித்த சட்டம் குறைவு. என் நிலத்தில் ஊற்று இருந்தால் அந்த ஊற்று என்னுடையது, என் இஷ்டம்போல் பயன்படுத்தலாம் என்று சொன்ன சட்டம் அது. அதே சட்டம் கூடவே ஒரு கடிவாளமும் போட்டது. அந்த ஊற்றுத் தண்ணீர் ஒரு ஊருக்கோ குக்கிராமத்துக்கோ அவசியமான தண்ணீராக இருந்தால், சொந்தக்காரனானாலும் அதன் போக்கை மாற்றக் கூடாது. நஷ்டஈடு வேண்டுமானால் கேட்கலாம், தண்ணீரைத் திருப்ப முடியாது. நிலமும் ஊற்றும் சொந்தமாக வைத்திருப்பவனுக்கே அந்தக் கட்டுப்பாடு. அரை அங்குல இணைப்பு வைத்திருப்பவருக்குத் தெருத் தண்ணீரைத் திருப்ப உரிமை எங்கிருந்து வந்தது?

இன்றைய விதியும் இதையேதான் சொல்கிறது. பொதுக் குழாயில் நேராக மோட்டார் வைப்பது விதிமீறல், மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பைத் துண்டிப்போம் என்று அவ்வப்போது அறிவிப்பு வரும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டும் போவார்கள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் மோட்டார் சத்தம் கேட்கும். நாம் அப்படி.

ஆயி மண்டபத்தை நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அதுதான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்தரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டியது. ஆயியின் கதையும் உங்களுக்குத் தெரியும். கிருஷ்ணதேவராயர் அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். அது தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். நானே இடிக்கிறேன் என்று அவள் அனுமதி வாங்கி, வீட்டை இடித்த இடத்தில் ஊர் ஜனங்களுக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. கதையோ வரலாறோ, அந்த மண்டபம்தான் நம் புதுச்சேரி அரசின் சின்னம். நான் வேலை பார்த்த காலத்தில் கையில் எடுத்த காகிதமெல்லாம் அந்தச் சின்னத்தோடுதான் இருக்கும். வீட்டை இடித்து ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவளைத் தலையில் வைத்துக்கொண்டு, ஊர்த் தண்ணீரை வீட்டுக்கு இழுக்கிறோம்.

நியாயம் பேசினால் சிலருக்குக் காது கேட்காது. சரி, உடம்பைப் பற்றிப் பேசுவோம். அது எல்லாருக்கும் கேட்கும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்த முசே, பஸ்காலைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று எழுதினால் பூஜ்யம்." ஏனென்றால் இழுப்பது என்று ஒன்று கிடையாது, தள்ளுவதுதான் உண்டு. பம்ப் தன் வாயருகே அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் காற்றுமண்டலத்தின் அழுத்தம் தண்ணீரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. அதனால்தான் கடல் மட்டத்தில் எப்பேர்ப்பட்ட பம்பாக இருந்தாலும் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து உறிஞ்சி எடுக்க முடியாது. நடைமுறையில் 7 மீட்டர் தாண்டினாலே தடுமாறும். இத்தாலியில் டொரிசெல்லி 1640களில் இதற்குக் காரணம் கண்டுபிடித்தார். 1648இல் பஸ்கால் தன் மைத்துனரை பாதரசக் குழாயோடு மலை உச்சிக்கு அனுப்பி அதை உறுதி செய்தார்.

இதற்கும் நம் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. தெருவுக்கடியில் போகும் குடிநீர்க் குழாய் எத்தனை வருஷத்துப் பழசு என்று நமக்குத் தெரியாது. இணைப்புகள் தளர்ந்திருக்கும். சாலை தோண்டுகிறவர்கள் கடப்பாறையால் ஓர் இடி இடித்துவிட்டு மண்ணைப் போட்டு மூடியிருப்பார்கள். பல இடத்தில் பக்கத்திலேயே சாக்கடை ஓடுகிறது. குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்வரை கவலை இல்லை. ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே போகும், நஷ்டம் தண்ணீரோடு நிற்கும். இருபது மோட்டார் சேர்ந்து உறிஞ்சினால் என்ன ஆகும்? குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துபோகும். இப்போது வெளியிலிருந்து உள்ளே தள்ளும். எதைத் தள்ளும்? ஓட்டைக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதை. காற்று இருந்தால் காற்று. மண் இருந்தால் கலங்கல். சாக்கடை இருந்தால் சாக்கடை. பஸ்காலுக்கு நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்ற பேதம் கிடையாது.

அது யார் வீட்டுக்குள் முதலில் போகும் என்று நினைக்கிறீர்கள்? மோட்டார் வைத்திருக்கிறவர் வீட்டுக்குள்தான். பலமாக உறிஞ்சுகிறவர் யாரோ அவருக்குத்தான் பெரும்பங்கு. மீதி அடுத்தவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். "காலைல முதல் பத்து நிமிஷம் தண்ணி ஒரு மாதிரி நாத்தம் அடிக்குது சார், அப்புறம் சரியாயிடுது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் வீட்டில் ஒரு ஹெச்.பி. மோட்டார்.

2022 ஜூலையில் நம் காரைக்காலில் வாந்திபேதி பரவி, காலராவும் உறுதியாகி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்களே, மறந்துவிட்டதா? பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்கள். அதற்கு மோட்டார்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. குடிநீரில் கழிவுநீர் கலந்தால் ஒரு ஊர் எப்படிப் படுத்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் வயதில் இரண்டு நாள் பேதியே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். பேரப்பிள்ளைகளுக்கும் அப்படித்தான். கலக்கும் வழியை நாமே சுவிட்ச் போட்டுத் திறந்துவிட வேண்டுமா?

உடம்பும் வேண்டாம், பர்ஸைப் பற்றிப் பேசு என்கிறவர்களுக்கு அடுத்த பத்தி.

குழாயில் நேராகக் கோத்த மோட்டார் சீக்கிரம் சாகும். காரணம் எளிது. தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று மோட்டாருக்குத் தெரியாது. நீங்கள் ஐந்து மணிக்குச் சுவிட்ச் போடுகிறீர்கள், அன்றைக்குத் தண்ணீர் ஐந்தரைக்கு வருகிறது. அரை மணி நேரம் மோட்டார் வெறுமனே சுற்றுகிறது. பம்புக்குள் அச்சைச் சுற்றி மெக்கானிக்கல் சீல் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வழவழப்பான முகங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். இடையில் இருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம்தான் அதற்கு எண்ணெய், அதுதான் குளிர்ச்சி. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிஷத்திலேயே சூடேறி சீல் கருகும். அப்புறம் அச்சு வழியாகச் சொட்டும். சொட்டுகிற தண்ணீர் பேரிங்குக்குப் போகும், பேரிங் துருப்பிடித்துக் கரகரக்கும், கடைசியில் காயிலுக்கும் ஈரம் ஏறிப் புகையும். மெக்கானிக் வந்து "காயில் போயிடுச்சு சார்" என்பார். கம்பெனியைத் திட்டுவீர்கள். கம்பெனி என்ன செய்யும்?

மீட்டர் விஷயமும் கேளுங்கள். குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வந்தால் மீட்டர் அதற்கும் சுற்றும். அது எண்ணுவது சுற்றுகளைத்தான். மோட்டார் வைத்துக் காற்றை உறிஞ்சுகிறவர் காற்றுக்கும் காசு கட்டுகிறார்.

"சரி, நீரே வழி சொல்லும். அழுத்தம் இல்லையே, மாடிக்கு எப்படி ஏற்றுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வழி பழசுதான். தரைமட்டத்தில், முடிந்தால் தெரு மட்டத்துக்கும் கொஞ்சம் கீழே, ஒரு தொட்டி. தெருத் தண்ணீர் தன் சொந்த அழுத்தத்தில், தன் பாட்டுக்கு அதில் வந்து விழட்டும். மோட்டாரின் உறிஞ்சுகுழாய் அந்தத் தொட்டிக்குள் மட்டும் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் சுவிட்ச் போட்டு மாடிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். தொட்டி கட்ட இடமில்லை என்றால் 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைத் தரையில் வையுங்கள். அதற்கும் முடியாவிட்டால் 200 லிட்டர் ட்ரம்.

"குறைந்த அழுத்தத்தில் எவ்வளவு வந்துவிடப் போகிறது?" இதற்கும் கணக்கு இருக்கிறது. நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். தரையில் இருக்கும் குழாயில் 10 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்தில் நிறைகிறது என்றால், ஒரு மணி நேரத்தில் 600 லிட்டர். ஒரு நிமிஷத்துக்கு ஒரு வாளி என்பது மோட்டார் தேவைப்படாத, சாதாரண ஓட்டம்தான். ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டால் குடும்பத்துக்குப் போதும், மிச்சமும் இருக்கும். அரை ஹெச்.பி. மோட்டாரோ மணிக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு லிட்டர் சுலபமாக இழுக்கும். அதாவது ஒரு மோட்டார் ஓடும்போது இரண்டு வீட்டுக்கு மேல் பங்கு அந்த ஒரு வாயில் போகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று மாடியைப் பாருங்கள். பாதி நாள் தொட்டி நிரம்பி வழிந்து சன்ஷேடில் கொட்டிக்கொண்டிருக்கும்.

தொட்டி வைப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வரும் குழாயின் வாய் தொட்டித் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், தண்ணீருக்குள் முங்கியிருக்கக் கூடாது. முங்கியிருந்தால் தெருக்குழாய் காலியாகும்போது உங்கள் தொட்டித் தண்ணீர் திரும்ப அதற்குள் போகும். இரண்டு, பால் வால்வு போடுங்கள். நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும், மிச்சம் தெருக் கடைசிக்குப் போகும்.

மோட்டாரைப் பார்த்துக்கொள்வதும் ஒரு பெரிய வித்தை இல்லை. நம் வயதுக்காரர்கள் வீட்டில் மெக்கானிக்கை நம்பியே காலம் தள்ளுகிறோம், அதனால் நாலு வரி சொல்கிறேன்.

உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு முக்கியம். அது சரியாக மூடாவிட்டால் மோட்டார் நின்றதும் குழாய்த் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மறுநாள் சுவிட்ச் போட்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. தினமும் மேலே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறீர்கள் என்றால் மோட்டார் கெடவில்லை, ஃபுட் வால்வில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது அதன் வாஷர் தேய்ந்திருக்கிறது. குறைந்த செலவில் முடிகிற வேலை.

சுவிட்ச் போட்டதும் மோட்டார் சுற்றாமல் உம்மென்று முனகினால் உடனே அணைத்துவிடுங்கள். முனகவிட்டால் காயில் கருகும். அநேகமாக கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்கும், நம் மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள். அதை நீங்கள் கழற்ற வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் கொஞ்சம் தங்கியிருக்கும், ஷாக் அடிக்கும். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போய் மூன்று மாதம் கழித்து வருகிறவர்களுக்கு இன்னொன்று: அச்சு இறுகியிருக்கும். மெயினை அணைத்துவிட்டு மெக்கானிக்கை விட்டுப் பின்பக்க விசிறியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். அப்புறம் சுவிட்ச் போடலாம்.

எர்த் கம்பி இல்லாமல் மோட்டார் ஓட்டாதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கிறது, கீழே ஈரத்தரை, நாமோ வெறுங்கால். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் வீட்டு மெயினில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். அதில் சோதிக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், அது விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். இந்தச் செலவைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஒரு ஹெச்.பி. மோட்டார் வாங்க யோசிப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்போது கடைசி வாதம், கனமான வாதம். "அழுத்தம் கொடுக்க வேண்டியது அரசாங்கம். அது செய்யாததை நாங்கள் மோட்டார் வைத்துச் சரிக்கட்டுகிறோம்." முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பழைய குழாயை மாற்றுவதும், ஓட்டையை அடைப்பதும், தெருக் கடைசிவரை அழுத்தம் கொண்டுசேர்ப்பதும் அரசாங்கத்தின் கடமை. அதைச் செய்யாத அலுவலகத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், மோட்டார் வைத்த தெருவின் புகார் மனு எழும்பாது. அதிகாரி வந்து முதல் வீட்டில் நின்று குழாயைத் திறந்தால், "இவ்வளவு மோட்டார் ஓடினா எப்படிங்க பிரஷர் வரும்?" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுவார். அவருக்கு அந்த ஒரு வரியை நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

மனு எப்படி எழுத வேண்டும் என்றும் சொல்கிறேன். "தண்ணீர் சரியாக வரவில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் அது ஆவன செய்யப்படாது. பதினைந்து நாள் கணக்கு எடுங்கள். தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி. தெருவின் முதல் வீட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று இடத்தில் எடுங்கள். எந்த மோட்டாரும் ஓடாமல் எடுத்த கணக்கு என்று எழுதுங்கள். முப்பது வீட்டுக் கையெழுத்து, கதவு எண்ணோடு. நகல் எடுத்துவைத்துக்கொண்டு, முத்திரை போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு காகிதத்தை எந்தக் குமாஸ்தாவாலும் அடியில் தள்ள முடியாது. அதில் இருப்பது புலம்பல் இல்லை, எண். மூன்று இடத்து எண்ணை வைத்தே குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று பொறியாளருக்கு ஓரளவு புரிந்துவிடும்.

இதெல்லாம் நடக்க யாராவது முதலில் மோட்டாரைக் கழற்ற வேண்டும். யார்? தெருவின் முதல் ஐந்து வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு நஷ்டம் மிகக் குறைவு, அவர்கள் நிறுத்தினால் கிடைக்கும் பலன் மிக அதிகம். கடைசி வீட்டுக்காரரைப் பார்த்து "நீ நிறுத்து, நானும் நிறுத்தறேன்" என்று சொல்வது சாமர்த்தியம் இல்லை, கோழைத்தனம்.

பிள்ளைகள் கேட்கமாட்டார்கள், மருமகள் ஒப்புக்கொள்ளமாட்டாள் என்று சிலர் சொல்வீர்கள். சுவிட்ச் பல வீட்டில் நம் கையில்தான் இருக்கிறது நண்பர்களே. விடிகாலையில் தூக்கம் வராமல் எழுந்து மோட்டார் போடுவது யார்? நாம்தான். அந்த வேலையைப் பெருமையாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

நாளைக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் சுவிட்சைத் தொடாதீர்கள். வாசல் குழாயடியில் ஒரு வாளியை வையுங்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்து எத்தனை வினாடியில் நிறைகிறது என்று ஒரு காகிதத்தில் குறியுங்கள். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தெருக் கடைசிவரை நடந்து போய், கடைசி வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே எத்தனை வினாடி என்று கேளுங்கள். இரண்டு எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். மனு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு, அது ஒன்று எனக்கு நன்றாக வரும்.